வில்வக்குடி கவிழ்த்த மந்திரிசபை

டில்லியில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று வில்வக்குடி தெற்குத் தெருவில் வெடி வெடித்தார்கள். யார் ஆளப்போகிறார்கள் என்று தெரியாமலே வெடித்த வெடி. பெரிய கட்சிகளுக்கு எண்ணிக்கை சேராமல் போனால்தான் இரண்டு மூன்று எம்.பி.யை மடியில் வைத்திருக்கிற சின்னக் கட்சிக்கு விலை ஏறும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு சின்னக் கட்சியின் எம்.பி.தான் அன்பரசன். தெற்குத் தெருவில் பிறந்து, தஞ்சாவூரில் வக்கீலாகி, இப்போது டில்லிக்குப் போயிருக்கிறவன்.

அவன் ஊரில் இல்லாததால் அவனுக்கு விழ வேண்டிய மாலையெல்லாம் அவனுடைய அக்கா அம்சத்தின் கழுத்தில் விழுந்தது. "கழுத்து அரிக்குது" என்று சொல்லி அவள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுக்குப் போட்டாள். அம்சம் நடவுக் கோஷ்டியின் தலைவி. தெருப் பெண்கள் அவள் பின்னால்தான் நடவுக்குப் போவார்கள். குடவாசலில் இருந்து ஒரத்தநாடு வரை எந்த வயலில் எப்போது இறங்குவது, என்ன கூலி என்பதையெல்லாம் அவள்தான் பேசி முடிப்பாள்.

அதைவிடப் பெரிய பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. அவள் கைராசிக்காரி. தெற்குத் தெருவில் யார் நாற்றங்கால் விட்டாலும் சனி மூலையில் முதல் பிடி விதையை அம்சம்தான் தெளிக்க வேண்டும். அவள் தெளித்த பிறகுதான் மற்றவர்கள் கூடையில் கை வைப்பார்கள். அவள் தெளிக்காத விதையை அன்றைக்கு வேறு யாரும் தொட மாட்டார்கள். அப்பன் காலம்வரை பண்ணைகளில் கூலிக்கு நின்று, பிறகு கேட்டும் போராடியும் வாங்கியும் வீட்டுக்குச் சில மா நிலம் சேர்த்த தெரு அது. சொந்த விதை என்று ஒன்று கைக்கு வந்த பிறகு உண்டான வழக்கம் என்பதால் அதில் அவர்களுக்குப் பிடிவாதம் அதிகம்.

மந்திரிசபை அமைந்த அழகை ஊரே டி.வி.யில் பார்த்தது. தேர்தல் மேடையில் ஒருவரை ஒருவர் திருடன், துரோகி என்று திட்டியவர்கள் ஒரே சோபாவில் தொடை இடிக்க உட்கார்ந்து சிரித்தார்கள். எம்.பி.க்களைச் சொகுசு ஓட்டலில் அடைத்து, செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆடு எண்ணுவது போலக் காலையும் மாலையும் எண்ணினார்கள். ரயில் எனக்கு, சாலை உனக்கு என்று கல்யாணப் பந்தியில் இலை பிடிக்கிற சண்டை. பிரதமர் ஆனவர் ஒருவருக்கும் பிடிக்காத மனிதர். மற்றவனுக்குப் பிடித்தவர் வந்துவிடக் கூடாது என்பதால் எல்லாரும் அவருக்கு ஒத்துக்கொண்டார்கள். ஜனாதிபதி மாளிகையில் வரிசையாக வந்து பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் மக்களவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டும் என்று கெடு. அந்த ஓட்டெடுப்பு முடிகிறவரை மந்திரிசபைக்கு ஆயுசு கெட்டியில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்பரசனின் கட்சித் தலைவர் சாலை கேட்டார். கிடைத்தது தண்ணீர். அதுவும் முழுசாக இல்லை. நீர்வளத் துறைக்கு முழு மந்திரியாக வந்தவர் மேல்மாநிலத்துக் கட்சிக்காரர். காவிரி எங்கள் பக்கத்து அணையை விட்டு இறங்கினால் பதவியை விட்டு நானும் இறங்குவேன் என்று ஊர் ஊராகப் பேசி ஓட்டு வாங்கியவர். அவருக்குக் கீழே இணை மந்திரி அன்பரசன். கோப்பெல்லாம் அவர் மேஜையில், இவனுக்கு நாற்காலி மட்டும். டெல்டாவின் வாயை அடைக்க டெல்டாக்காரனையே பிடித்து வைத்த வேலை அது. டில்லியில் இதைச் செய்கிறவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது. ஆனால் புத்தி உண்டு.

தெரு அதையெல்லாம் பார்க்கவில்லை. தண்ணீருக்கே நம்ம வீட்டுப் பிள்ளை மந்திரி என்றுதான் பார்த்தது. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. குறுவை இல்லை, நேராகச் சம்பாதான் என்று எல்லாரும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்த நேரம். புது மந்திரி டி.வி.யில் வந்தான். "டெல்டா விவசாயிகள் தைரியமாகக் குறுவைக்கு விதை விடலாம்" என்று சொன்னான். கழுத்தில் இடுப்புவரை இறங்கிய ரோஜா மாலை.

அன்று சாயங்காலமே தங்கையன் வந்துவிட்டார். தெருவில் எல்லாரைவிடவும் கூடுதலாக நிலம் வைத்திருக்கிற பெரிய மனிதர். அம்சத்துக்கு அண்ணன் முறை.

"என்ன அம்சம், தம்பி சொல்லிட்டான். குளத்துல கெடக்குற தண்ணிய வெச்சி நாத்து விட்டுருவோம். நாத்து தயாராகுறதுக்குள்ள ஆத்துல தண்ணி வந்துரும்ல?"

"வரும்னுதானண்ணே சொல்றான்."

"நீ என்ன சொல்ற?"

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்றாள் அம்சம். அதைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீடு வீடாகப் போய் அவனுக்கு ஓட்டுக் கேட்டவள் அவள். கைராசி கை, நம்பிப் போடுங்க என்று சொல்லி வாங்கிய ஓட்டு.

அந்த வார்த்தையை நம்பித் தெரு முழுக்க விதையை ஊறவைத்தது. கட்சிக்காரர்களுக்கு அது காதில் விழுந்ததும் விழாவாக்கிவிட்டார்கள். தங்கையன் வயலில் பொது நாற்றங்கால். மந்திரி வருகிறார், மந்திரியின் அக்காவே முதல் பிடி தெளிக்கிறார், டெல்டாவுக்கே நல்ல சகுனம் என்று குடவாசல் கடைத்தெரு வரைக்கும் பேனர் கட்டினார்கள். பேனரில் அம்சத்தின் முகத்தை வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். "எந்த ஊரு பொம்பளடி இது?" என்று அவள் கேட்டாள். கோஷ்டியில் அவளுக்கு வலக்கையான ரெத்தினம், "மந்திரி அக்கான்னா வெள்ளையாத்தான் இருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

விழா அன்று காலையில் அன்பரசன் வந்து இறங்கினான். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி. வீட்டிலிருந்து வயலுக்குக் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கும் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டான். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அவனுடைய உதவியாளன் சதீஷ், இரண்டு செல்போனோடு. கூட்டம் வழியை மறித்துக்கொண்டு நின்றதால் கார் நகரவே இல்லை. உள்ளே ஏசி குளிர் முகத்தில் அடித்தது. அம்சம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மேட்டூர் எப்ப தொறக்குறாங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுக்கா. மாசக் கடைசியில ஓட்டெடுப்பு இருக்கு. அது முடியட்டும்."

"முடிஞ்சா தொறப்பாங்களா?"

அன்பரசன் கண்ணாடிக்கு வெளியே கும்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே இருந்தவர்களும் கும்பிட்டார்கள்.

"தம்பி, உன்னத்தான் கேக்குறேன்."

"இந்தக் குறுவைக்குத் தண்ணி கெடையாதுக்கா" என்றான். கும்பிட்ட கையை இறக்கவில்லை. "மேல இருக்குறவங்க ஒரு சொட்டு விட மாட்டேன்னுட்டாங்க. அவங்க இல்லாம மந்திரிசபை நிக்காது. நான் வாயத் தொறந்தா நாளைக்கே எல்லாம் போயிரும்."

"பின்ன எதுக்கு விதை விடுங்கன்னு டி.வி.யில சொன்ன?"

"தலைவர் சொல்லச் சொன்னாரு. தண்ணி வருதுன்னு ஜனம் நம்புனாத்தான் நாங்க உள்ள ஒக்காந்துருக்குறதுக்கு ஒரு ஞாயம் இருக்கும். ஓட்டெடுப்பு வரைக்கும் தாங்குனாப் போதும்."

"நாத்து?"

"நீ ஒரு பிடி போடு. மீதிய நான் பாத்துக்குறேன்."

சதீஷ் திரும்பவில்லை. அவனுக்கு இது முன்பே தெரியும் என்பது அவன் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது. அம்சத்துக்கு முதலில் வந்தது வெட்கம். என் தம்பி பொய் சொல்ல மாட்டான் என்று தங்கையனிடம் சொன்னது அவள் காதிலேயே மறுபடி கேட்டது. கோபம் அதற்குப் பிறகு வந்தது. வந்த கோபம் இறங்கவில்லை.

"உனக்கு என் கை வேணும். அதானே?" என்றாள்.

"அக்கா, இது அரசியல். உனக்குப் புரியாது."

"நடவு தெரிஞ்சவளுக்கு இது புரியாதாடா?"

அதற்குள் யாரோ கார்க் கதவைத் திறந்துவிட்டார்கள். மேளச் சத்தம் உள்ளே பாய்ந்தது.

நாற்றங்கால் கண்ணாடி போல் சமன் செய்யப்பட்டு, மெல்லிய தண்ணீரோடு கிடந்தது. வரப்பு முழுக்கத் தெருச் சனம். அதிகாரிகள் குடைக்குக் கீழே நின்றார்கள். கூடையில் முளை கட்டிய விதை, வெள்ளை முனை நீட்டி நீட்டி. சதீஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "அம்மா, கையைக் கொஞ்சம் மேல தூக்கித் தெளிங்க. சார் பக்கத்துல நிப்பாரு. ஒரே தடவைதான்."

அம்சம் சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கூடையில் கை விட்டாள். முளை கட்டிய விதைக்கு ஒரு சூடு உண்டு. கையில் அது தெரிந்தது. ஊறவைத்து, சாக்கில் மூட்டம் போட்டு, விடிந்ததும் விடியாததுமாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்த பெண்கள் வரப்பில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எடுத்ததைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"வேணாம்" என்றாள். "எல்லாரும் எடுத்துட்டுப் போங்க."

மேளம் நின்றது. தங்கையன் வரப்பிலிருந்து, "என்ன அம்சம், நேரம் சரியில்லியா?" என்று கேட்டார்.

"நேரம் நல்லாத்தான் இருக்கு. ஆத்துலதான் தண்ணி வராதாம். இந்தக் குறுவைக்குக் கெடையாதுன்னு கார்ல வெச்சி மந்திரியே சொல்லிட்டாரு."

தம்பி என்று சொல்லவில்லை, மந்திரி என்றாள். சதீஷ் போனை இறக்குவதற்குள் இன்னும் பத்துப் பேர் போனைத் தூக்கியிருந்தார்கள். அன்பரசன் மைக்கைப் பிடித்து, அக்கா என் வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று ஆரம்பித்தான். "வரும்னு இந்தச் சேத்துல நின்னு சத்தியம் பண்ணு, நான் தெளிக்கிறேன்" என்றாள் அம்சம். அவன் பண்ணவில்லை. அரசியலமைப்பின் மீது சத்தியம் செய்ய முடிந்தவனுக்குத் தெற்குத் தெருச் சேற்றில் நின்று செய்ய முடியவில்லை. மைக்கை யார் கையிலோ கொடுத்துவிட்டுக் காரைப் பார்க்க நடந்தான்.

ஒருவரும் விதைக்கவில்லை. முளை கட்டிய விதையைத் திரும்பக் காயவைத்துக் கட்டிவைக்க முடியாது. அன்று தெருவில் கோழியும் மாடும் வயிறு முட்டத் தின்றன. "நல்ல விதை போச்சேக்கா" என்றாள் ரெத்தினம். "விதையோட போச்சு, ஒழவு நடவோட போகாம" என்றாள் அம்சம். அன்றைக்கு அது எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. தங்கையனே வந்து, நல்ல வேளை காப்பாத்தின என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடியோ ராத்திரிக்குள் நாடு பூராவும் போய்விட்டது. சொந்த அக்காவே நம்பாத மந்திரி என்று இந்தியில்கூடப் பேசினார்கள். விவசாயச் சங்கங்கள் திருவாரூரில் ரயிலை மறித்தன. மேல்மாநிலத்து மந்திரிக்கு இதைவிட வசதி வேறு கிடையாது. ஒரு சொட்டுத் தர மாட்டேன் என்று நான் சொன்னது உண்மைதான், இவர்களே ஒத்துக்கொண்டார்கள் என்று தன் ஊர்ச் சனத்திடம் மார்தட்டினார்.

அம்சம் மந்திரிசபையைக் கவிழ்த்தாள் என்று பிறகு எழுதினார்கள். அது பொய். கவிழ்க்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். அன்பரசனின் கட்சித் தலைவருக்குச் சாலை கிடைக்காத எரிச்சல் தீரவே இல்லை. எதிர் அணியில் சாலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே டி.வி.யில் வந்தார். "டெல்டா தாய்மார்கள் நாற்றங்காலில் நின்று கேட்ட கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த மந்திரி பதவியைத் தூக்கி எறிகிறோம்" என்றார். அவர் போனதும் இன்னொரு சின்னக் கட்சி போனது. அது போனதும் எல்லாரும் எண்ணிப் பார்த்தார்கள். பிரதமர் ஓட்டெடுப்புவரைக்கும் காத்திருக்காமல் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். எதிர் அணிக்கும் எண்ணிக்கை சேரவில்லை. மறு தேர்தல் என்றும் அதுவரை பழைய மந்திரிசபையே காபந்து சர்க்கார் என்றும் முடிவாயிற்று. பதவி ஏற்றபோது போட்ட மாலையின் நார் காய்வதற்குள் எல்லாம் முடிந்தது. தலைவருக்குச் சாலையும் கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான் இதில் நியாயமாக நடந்த காரியம்.

அன்பரசன் ஒரு மத்தியானம் போன் செய்தான். அம்சம் அப்போது அடுப்பில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"திருப்தியாக்கா?"

"எனக்கு என்னடா திருப்தி? நீ நல்லா இருக்கியா?"

"கார எடுத்துட்டுப் போயிட்டாங்க. பங்களாவக் காலி பண்ணணும். அத விடு. நீ ஒரு பிடி தெளிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? நாத்து காஞ்சிருக்கும். காஞ்சா நெவாரணம். அறிவிப்பே தயாரா இருந்துச்சு. மொத ஊரா வில்வக்குடியத்தான் போட்டு வெச்சிருந்தேன், உனக்காக. அதத்தான் மீதிய நான் பாத்துக்குறேன்னு சொன்னேன்."

கஞ்சி சட்டி விளிம்பில் வழிந்து அடுப்பு அணைந்தது.

"காயும்னு தெரிஞ்சு, காஞ்சதுக்கு என்ன குடுக்குறதுன்னும் எழுதி வெச்சிட்டு, அப்பறம் என்னை வந்து தெளிக்கச் சொன்னியா?"

"அதுல என்ன தப்பு? ஜனத்துக்கு நஷ்டம் இல்லாமத்தானே பண்ணேன்?"

"வைடா போன" என்றாள். அவன் வைக்கும் முன் அவளே வைத்துவிட்டாள். அவன் பொய் சொன்னான் என்பதைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவன் இன்னும் அதில் தப்பு என்ன என்று கேட்டான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால் காபந்து சர்க்கார் நிவாரணத்தை அறிவித்தது. குறுவை நாற்று காய்ந்துபோன ஊர்களுக்கெல்லாம் பணம். டி.வி. பேச்சை நம்பி விதை விட்ட அக்கம்பக்கத்து ஊர்களில் நாற்று உண்மையிலேயே கருகிக் கிடந்தது. கிராம நிர்வாக அதிகாரி வயல் வயலாகப் போய் அடங்கல் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். வில்வக்குடி தெற்குத் தெருவில் குறிக்க ஒன்றும் இல்லை. தங்கையன் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்தார். "விதைச்சாத்தானே காயும், காஞ்சாத்தானே நெவாரணம்" என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் நேராக அம்சம் வீட்டுக்குத்தான் வந்தார். உள்ளே வரவில்லை.

"பக்கத்தூர்ல அவனவன் பேங்குல நிக்கிறான். நம்ம தெருவுல ஒருத்தனுக்கும் கெடையாது. உன் பேச்சக் கேட்டதுக்கு."

"அண்ணே, காஞ்சிருமேன்னுதானே தடுத்தேன்."

"காஞ்சா என்ன? காசு வந்துருக்கும்ல?"

"நீங்களும் அவன மாதிரியே பேசுறீங்களேண்ணே."

"அவன் மந்திரியா இருந்தவன். அவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியே. கூடப்பொறந்தவன் ஒசந்தா உனக்குப் பொறுக்கல. ஊரே அதான் பேசுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல வேளை காப்பாத்தின என்று சொன்ன அதே வாய். ஊர் என்பது இப்படித்தான். சரியாகச் செய்து நஷ்டப்படுத்தியவளைவிடத் தப்பாகச் செய்து பணம் தந்தவன் அதற்கு வேண்டியவன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமில்லை, கோபம்தான்.

ஆவணியில் மேலே மழை கொட்டித் தீர்த்தது. அணைகள் நிரம்பி வழிந்து, யாரும் கேட்காமலே காவிரியில் தண்ணீர் வந்தது. எந்த மந்திரிசபையும் அதற்குத் தேவைப்படவில்லை. தெற்குத் தெரு சம்பாவுக்கு விதை விட்டது. முதல் பிடி தெளிக்கத் தங்கையன் தன் மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டார். அம்சத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் தன் மூன்று மா நிலத்துக்குத் தானே விதைத்தாள். அவள் வீட்டு வழியே போகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு போய், தாண்டிய பிறகு தொடர்ந்தார்கள். கடையில் அவள் வந்தால் அவளுக்கு முன்னால் நிற்பவர்களும் நகர்ந்து வழி விட்டார்கள். அது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். நடவு வேலை பேசவும் கோஷ்டிப் பெண்கள் அவளிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மறு தேர்தலில் அன்பரசனுக்கே சீட்டு. டெல்டாவுக்காக மந்திரி பதவியைத் தூக்கி எறிந்த தம்பி என்று தலைவர் மேடைக்கு மேடை அவன் தோளில் கை போட்டார். அவன் எறியவில்லை, அவன் கையில் இருந்ததைத் தலைவர்தான் பிடுங்கினார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கை தட்டினார்கள்.

தெற்குத் தெருவுக்கு அவன் வேன் வந்த அன்று வீட்டுக்கு வீடு ஆரத்தித் தட்டு. தங்கையன் பொன்னாடை போட்டார். வேனிலிருந்தே, "இந்தத் தடவை நான் ஜெயிச்சா வில்வக்குடிக்கு விட்டுப்போன நெவாரணம் வந்து சேரும்" என்று அன்பரசன் சொன்னான். குலவைச் சத்தம் தெருவைத் தூக்கியது. அம்சம் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விடலாம் என்று நினைத்தாள். தன் வாசலில் நிற்கத் தனக்கு என்ன பயம் என்று நின்றாள்.

ரெத்தினம் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். "அக்கா, தம்பி உன் வீட்டுக்குத்தான் வருது. கொஞ்சம் சிரிச்ச மொகமா இரு. எல்லாரும் பழச மறந்துருவாங்க. நானும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன். நீ வந்து கோஷ்டியப் பாரு, ஒன்னும் இல்ல."

"நான் என்னடி பண்ணேன், மறக்குறதுக்கு?"

ரெத்தினம் தட்டிலிருந்த கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கினாள்.

அன்பரசன் வேனிலிருந்து இறங்கி வந்தான். சதீஷ் பின்னாலேயே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். கூட்டம் சுற்றி நின்றது. அன்பரசன் இரண்டு கையையும் கூப்பி, அப்படியே குனிந்து அக்காவின் காலைத் தொடப் போனான். குனிந்தபடியே மெல்லச் சொன்னான்.

"அக்கா, அசையாம நில்லு. படம் எடுத்துக்கட்டும். நீ நின்னுட்டியன்னா தெருவும் உன்னச் சேத்துக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொன்னது உண்மை என்று அம்சத்துக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்றால் போதும். கோஷ்டி திரும்பி வரும். அவளைக் கண்டால் பேச்சு நிற்காது. சம்பா நடவு முழுக்கத் தனியாக வீட்டில் கிடக்க வேண்டாம். குனிந்திருந்த அவன் உச்சந்தலையில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருப்பதைப் பார்த்தாள். அவன் மேல் அவளுக்குப் பாசம் போகவில்லை. அது போயிருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன் விரல்கள் வெறும் தரையில் பட்டன.

"காயும்னு தெரிஞ்சவன் நீ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கேட்க வேண்டிய எல்லாருக்கும் கேட்டது. "எந்திரி. உனக்கு என் ஓட்டு கெடையாது."

அன்பரசன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "அக்காவுக்கு எப்பவும் என் மேல கோவம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினான். தெருச் சனம் அவனோடு சேர்ந்து சிரித்தது. "திமிரப் பாரு" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அது யார் குரல் என்று அம்சத்துக்குத் தெரியும். அவள் கோஷ்டியிலேயே நட்டுப் பழகிய பெண். அம்சம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா நடவு. அந்த வேலையைப் பேசி முடித்தவள் அம்சம்தான், தேர்தல் பேச்செல்லாம் வருவதற்கு முன்னால். அதனால் விடியற்காலையில் தூக்குவாளியில் பழைய சோறு எடுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றாள். பெண்களை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ வந்தது. முன்னால் டிரைவரை ஒட்டி அம்சம் எப்போதும் உட்காருகிற இடத்தில் ரெத்தினம் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்சத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னாள். வண்டி நிற்காமல் போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்சம் அங்கேயே தூக்குவாளியைத் திறந்து, நின்றபடி சோற்றைத் தின்றாள். பசிக்கவில்லை. தெருவில் நின்று அழக் கூடாது என்பதற்காகத் தின்றாள்.